மூன்றாம் முறை கூப்பிட்டபோது

வெளிநாட்டுக்குச் சுற்றுலா போகிற நம்ம சனங்கள் நடுவில் இறங்கி விமானம் மாற வேண்டிய ஊர்கள் பல இருக்கின்றன, அதில் ஒரு ஊரின் பேரை மட்டும் நான் சொல்ல மாட்டேன், சொன்னால் நாளைக்கே அந்த ஊர்க்காரன் அதற்கும் ஒரு புது ரூல் போட்டுவிடுவான். தெரிந்தே ஆக வேண்டும் என்றால் மணப்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கிற என் கடைக்கு வாருங்கள், வரும்போது வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோ இரண்டு, ஆறு மாதத்துப் பேங்க் ஸ்டேட்மென்ட், இன்னும் ஆறு மாதமாவது உயிர் இருக்கிற பாஸ்போர்ட், இவற்றோடு வாருங்கள், சும்மா வந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு "அக்கா, விசா இல்லாம எந்த நாட்டுக்குப் போலாம்?" என்று கேட்கிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பேர் தனபாக்கியம், ஊருக்குப் பாக்கியக்கா. இருபத்தெட்டு வருஷமாக ஃபாரம் நிரப்புகிறேன். எந்த நாட்டுக்கு முன்கூட்டியே விசா, எந்த நாட்டில் இறங்கியபிறகு விசா, எங்கே விமானம் மாறவே தனியாக ஒரு டிரான்ஸிட் விசா, எங்கே இருபத்துநாலு மணி நேரத்துக்குள் கிளம்பிவிட்டால் ஒன்றும் வேண்டாம், எங்கே பெட்டியை நாமே எடுத்து மறுபடி போட வேண்டும், எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், ஆனால் இந்தக் கதை நடக்கும்வரை நான் விமானத்தில் கால் வைத்ததில்லை, திருச்சிக்கு இறங்குகிற விமானம் எங்கள் மாட்டுச் சந்தைக்கு மேலே தாழ்ந்து போவதை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

நம்ம சனங்களுக்குக் குடும்பப் பேர் என்று ஒன்று கிடையாது, அப்பா பேரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு ஆயுசு முழுக்க ஓட்டிவிடுவோம், ஆனால் பாஸ்போர்ட் ஃபாரத்தில் சர்நேம் என்று ஒரு கட்டம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், அதைச் சும்மா விட்டால் சில நாட்டுக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான் என்று பயந்து அதில் அப்பா பேரை முழுசாக எழுதிவிடுவோம். நானே ஆயிரம் பேருக்கு எழுதியிருக்கிறேன். அதில் வருகிற வினை என்னவென்றால், வெளிநாட்டில் இறங்கியதும் அந்தக் கட்டத்துப் பேரைத்தான் கூப்பிடுவார்கள், நம்மாளோ அது யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

கலியமூர்த்தியும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். முறுக்குக் கம்பெனி வைத்திருக்கிறவர், பனி பார்க்க ஆசைப்பட்டு ஒரு குளிர் நாட்டுக்கு என்னிடம் விசா போட்டுப் போனார், நடுவில் நான் சொன்ன அந்த ஊரில் பதினொரு மணி நேரம் காத்திருப்பு. அங்கே அடுத்த விமானத்துக்கான போர்டிங் பாஸ் தருகிற பெண் காகிதங்களைச் சரிபார்க்க மைக்கில் "மிஸ்டர் வீரமலை" என்று கூப்பிட்டாள், இரண்டாம் முறை கூப்பிட்டாள், மூன்றாம் முறை கூப்பிட்டாள், அப்போது கடைசி வரிசை நாற்காலியிலிருந்து, செத்து ஒன்பது வருஷமான மாட்டுத் தரகர் வீரமலை எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நேரே கவுண்டருக்குப் போய் "என்னம்மா, கூப்ட்டியா? வீரமலை நாந்தான்" என்றார். அந்தப் பெண் பாஸ்போர்ட் கேட்டாள். அவர் திரும்பி நாற்காலிகளைப் பார்த்தார். "டேய் கலியா! இத்தனை வாட்டி கூப்புடுது அந்தப் புள்ள, காதுல என்ன பஞ்சா வச்சிருக்க? எந்திரிச்சு வாடா!"

கலியமூர்த்தி எழுந்து போனார். அப்பா கூப்பிட்டால் போகத்தானே வேண்டும்.

பதினொரு மணி நேரமும் அப்பனும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன முறுக்கைத் தின்று, அது கரகரப்பாக இருக்கிறதா உப்பு தூக்கலா என்று பேசி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நகர்கிற விமானங்களுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்காமலே வயசு சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். ஏறுகிற நேரம் வந்தபோது தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டோடு வீரமலை நின்றுவிட்டார். "நீ போப்பா. எங்கிட்ட காகிதம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பின்வரிசைக்குத் திரும்பி நடந்தாராம், அப்புறம் எவ்வளவு எட்டிப் பார்த்தும் ஆளைக் காணோமாம்.

ஊருக்கு வந்து கலியமூர்த்தி என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இதைச் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "கோட்டைத் தாண்டலல்ல? தாண்டியிருந்தா உங்களையும் சேர்த்துப் பிடிச்சிருப்பாங்க" என்பதுதான். தொழில் புத்தி எங்கே போகும்.

பனியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரமே என் கடைப் படிக்கட்டில் சனம் நின்றது. எந்த நாடு என்று கேட்டால் "எந்த நாடா இருந்தா என்னக்கா, நடுவுல அந்த ஊரு வரணும்" என்றார்கள், நேராகப் போகிற விமானம் இருக்கிறது, நாலு மணி நேரம் மிச்சம் என்று சொன்னால் என்னைப் பாவம்போலப் பார்த்தார்கள், ஏழு மணி நேரக் காத்திருப்புக்காரன் பதினைந்து மணி நேரக் காத்திருப்புக்காரனைப் பார்த்து வயிறெரிந்தான், இருபத்துமூன்றரை மணி நேரம் கிடைத்த நகைக்கடை மாணிக்கவாசகத்தைக் கல்யாணத்துக்கு அனுப்புவதுபோலத் தெருவே நின்று வழியனுப்பியது. யாரும் முதல் கூப்பாட்டுக்கும் இரண்டாம் கூப்பாட்டுக்கும் எழுந்துவிடக் கூடாது என்பதை நானே ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன், அதற்குக் கீழே, அப்பாவுக்கென்று கொண்டுபோகிற ரசம் நூறு மில்லிக்கு மேல் விட மாட்டார்கள், கெட்டித் தயிரும் தண்ணீர்க் கணக்குத்தான், வெற்றிலை பாக்கு எல்லா நாட்டிலும் ஆகாது, கண்ணாடி, பல் செட், கைத்தடி ஆகியவற்றைக் கைப்பையில் வைக்கலாம் என்றும் எழுதினேன். அண்ணன் தம்பி இரண்டு பேர் பட்டாவை எடுத்துக்கொண்டு போய், வரப்பு யாருக்கு என்று அப்பாவையே கேட்டிருக்கிறார்கள், அவர் இரண்டு பேரையும் ஏறஇறங்கப் பார்த்துவிட்டு "சாப்ட்டீங்களாடா?" என்று மட்டும் கேட்டாராம், வந்தவர்கள் வரப்பைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் பேரை அந்தக் கட்டத்தில் போட்டுக்கொண்ட பொம்பளைகளுக்குத்தான் ஏமாற்றம், மூன்று முறை கூப்பிட்டதும் பக்கத்துச் சீட்டுப் புருஷனே எழுந்து போய் நிற்பான், அந்த ஆத்திரத்தை அவர்கள் பனியில் போய்த் தீர்த்துக்கொண்டார்கள்.

அந்த விமான நிலையத்துக்காரர்களும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. வேட்டி கட்டிய வயசாளிகள், கைலி கட்டிய வயசாளிகள், ஜெபமாலை போட்ட ஒருத்தர் என்று கடைசி வரிசை நிறைய ஆரம்பித்ததும், துடைப்பம் தள்ளுகிற பெண் அந்த வரிசைக்கு மட்டும் குடிதண்ணீர் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினாள், யாரோ அந்தப் பக்கம் ஏசியைக் குறைத்துவைத்தார்கள், அதோடு சரி.

"ஊரே போயிட்டு வருது, நீங்க போகலியாக்கா?" என்று கலியமூர்த்தி ஒருநாள் கேட்டார். "வேலையைப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவருக்கென்ன தெரியும். என் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் பிச்சைமணி என்று இருந்தது. நான் நாலு வயசாயிருக்கும்போது சந்தைக்குக் கயிறு வாங்கப் போகிறேன் என்று போனவர், பாண்டிச்சேரியில் வேறொரு குடும்பத்தோடு இருந்து அங்கேயே போய்ச் சேர்ந்தவர். மூன்று முறை கூப்பிட்டால் அந்த மனுஷன்தான் எழுந்து வருவார். வந்து என்ன செய்ய, கயிறு வாங்கியாச்சா என்று கேட்கவா?

எனக்குப் பார்க்க வேண்டியது என் அம்மாவை. மருதாயி என்று பேர். சந்தையில் கம்மங்கூழ் விற்று என்னைப் படிக்க வைத்தவள், விமானம் தாழ்ந்து போகும்போதெல்லாம் கூழ்க் கரண்டியைப் பானையிலேயே விட்டுவிட்டு அது மறைகிறவரை பார்ப்பாள், வாங்க நிற்கிறவன் கத்துவான். ஒருநாள் மத்தியானம் காலிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டே என் கடைக்கு ஏறி வந்து, "ஊருக்கெல்லாம் போடுறியே, எனக்கும் ஒரு ஃபாரம் போடேன்டி. ஒருவாட்டி அதுல ஏறிப் பாத்துட்டு வர்றேன்" என்றாள். நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு என்னமோ வெட்கமாகிவிட்டது. "நீ எந்த வருஷம் பொறந்தேன்னு உனக்கே தெரியாது. உனக்கு எந்த ஆபீசர் பாஸ்போர்ட் எடுத்து வச்சிருக்கான்? போம்மா, வேலை கிடக்கு" என்றேன். பிறந்த தேதி இல்லாத எத்தனையோ பேருக்கு டாக்டர் சர்ட்டிஃபிகேட்டும் உறுதிமொழிப் பத்திரமும் வைத்து நான் பாஸ்போர்ட் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், மூன்று நாள் அலைச்சல், அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலம் மனசு கேட்காமல் ஒரு ஃபாரம் எடுத்து மருதாயி என்று எழுதி, பிறந்த தேதி வந்ததும் நிறுத்தி, டிராயரில் போட்டேன். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று இரண்டு வருஷம் போயிற்று. சித்திரையில் ஒரு காலையில் அடுப்புப் பற்றவைக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. அந்த ஃபாரம் இன்னும் டிராயரில் இருக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கும்.

நம்ம பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மா பேரும் இருக்கும். எந்த ஊர்க் கவுண்டரிலும் அந்தப் பக்கத்தை எவரும் புரட்டி மைக்கில் வாசிப்பதில்லை. ஆறு மாசம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, என் சர்நேமை மாற்றுவதற்கு மனுப் போட்டேன். உறுதிமொழிப் பத்திரம் எழுதி, இரண்டு பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, அரசிதழுக்கு அனுப்பினேன். மாற்றத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கம்மாவை மைக்கில் கூப்பிட வேண்டும் என்று எழுதி, அடித்துவிட்டு, நியூமராலஜி என்று எழுதினேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அம்மா பேரை அந்தக் கட்டத்தில் போட்ட புதுப் பாஸ்போர்ட் வந்தது, அதே குளிர் நாட்டுக்குப் பதினாலு நாள் சுற்றுலா விசாவும் வந்தது, போகவும் வரவும் அந்த நடு ஊர் வழியாக டிக்கெட் போட்டேன், ரிட்டர்ன் டிக்கெட் காட்டாமல் எவனும் விசா தர மாட்டான்.

அந்த ஊரில் நான் இறங்கியபோது காலை வெயில் கண்ணாடி வழியாகத் தரை முழுக்கக் கிடந்தது, எங்கோ ஒரு ஏணிப் படி தானாக ஓடிக்கொண்டே இருந்தது, யாரும் அவசரப்படவில்லை, எல்லோரும் பாதி தூங்கிக்கொண்டே நடப்பதுபோல இருந்தது. கவுண்டருக்கு எதிரே உட்கார்ந்தேன். "மிஸ் மருதாயி" என்றாள் அந்தப் பெண். நான் எழவில்லை. "மிஸ் மருதாயி." கடைசி வரிசையைப் பார்த்தேன், வயசாளிகள் தலை மட்டும் தெரிந்தது. மூன்றாம் முறையும் கூப்பிட்டாள். யாரும் எழவில்லை. கடைசி அழைப்பு என்று சொல்லி நாலாம் முறை கூப்பிட மைக்கைக் கையிலெடுத்தாள், அப்போதுதான் எனக்கு உறைத்தது, என் அம்மாவை ஆயுசில் எவன் பேர் சொல்லிக் கூப்பிட்டான்? கூழ்க்காரம்மா என்றார்கள், ஏ பொம்பளே என்றார்கள், பாக்கியத்து அம்மா என்றார்கள், அவளுக்கு எப்படித் தெரியும் இது தன் பேர் என்று? நாற்காலி மேலேயே ஏறி நின்று கத்தினேன். "அம்மா! உன்னைத்தாம்மா கூப்புடுறாங்க!"

கடைசி வரிசையில் ஒரு ஓரமாக, பானை இல்லாத வெறும் இடுப்போடு ஒருத்தி மெதுவாக எழுந்தாள். நெஞ்சில் கை வைத்து, "என்னையா?" என்றாள்.

ஒன்பது மணி நேரம். அதை முழுசாகச் சொல்ல எனக்கு வாய் வராது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கை சுடவும் இல்லை, சில்லென்றும் இல்லை, கூழ் புளித்த வாசனை மட்டும் அப்படியே இருந்தது. விமானங்கள் வரவர அவள் பேச்சை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். கடைசியில் அழுதுகொண்டே சொன்னேன். "உனக்கு ஃபாரம் போடாம விட்டுட்டேம்மா."

"சரி, இப்பப் போடேன்" என்றாள், தண்ணீர் கேட்பதுபோல.

நான் அவளைப் பார்த்தேன். அப்புறம் என் பாஸ்போர்ட்டைத் திறந்து போட்டோவைப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, காது தெரிய முடியை ஒதுக்கி, சிரிக்காமல் எடுத்த போட்டோ, அம்மா செத்தபோது அவளுக்கிருந்திருக்கும் வயசு இப்போது எனக்கு, அதில் இருந்தது அவள்தான். பேரும் அவள் பேர்தான். விசாவும் அந்தப் பேருக்குத்தான். அப்பாக்களையெல்லாம் அந்த மஞ்சள் கோடு நிறுத்தியது அவர்கள் செத்துப்போனதாலா? கையில் காகிதம் இல்லாததால்தானே!

பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டால் நான் அந்த ஊரில் காகிதம் இல்லாத ஆள், அவள் திரும்பி வராவிட்டால் கடைசி வரிசைதான் எனக்கு வீடு, அதுவும் எனக்குத் தெரியும், என்னைவிட நன்றாக வேறு எவளுக்குத் தெரியும். கொடுத்தேன். கொடுத்துவிட்டு, மற்ற எல்லோருக்கும் சொல்வதுபோலவே சொல்லிக் கொடுத்தேன். "எத்தனை நாள்னு கேப்பான்."

"பதினாலு நாளு."

"எதுக்கு வந்தேன்னு கேப்பான்."

"ஊரு பாக்க வந்தேன்னு சொல்றேன்."

"எங்க தங்குவேன்னு கேட்டா இந்தக் காகிதத்தை நீட்டு. அதிகமாப் பேசாத. கூழு, கீழுன்னு ஆரம்பிக்காத."

"நீ ஒருத்திதான் பேசத் தெரிஞ்சவளாக்கும்" என்று என் ஸ்வெட்டரை வாங்கிப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டாள். வாசலில் இருந்தவன் போட்டோவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், போர்டிங் பாஸைக் கிழித்து ஒரு துண்டைக் கொடுத்தான். இருபத்துமூன்றாம் வரிசை, ஜன்னல் சீட்டு. மஞ்சள் கோட்டை என் அம்மா வரப்பைத் தாண்டுவதுபோலக் கொஞ்சம் புடவையைத் தூக்கிக்கொண்டு தாண்டினாள், திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க நேரமேது அவளுக்கு. விமானம் ஓடி மேலே ஏறியபோது நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அது மறைகிறவரை பார்த்தேன்.

பதினாலு நாள் அந்தக் கடைசி வரிசையில் இருந்தேன். இருபத்துநாலு மணி நேரத்துக்குமேல் இருக்கக் கூடாத இடம், ஆனால் அந்த வரிசையை யாரும் எண்ணுவதில்லை. அங்கே உட்கார்ந்தால்தான் அப்பாக்கள் எல்லோரும் தெரிகிறார்கள். வீரமலை எனக்குப் பாதி முறுக்கு எடுத்துவைப்பார், துடைப்பக்காரப் பெண் தண்ணீர் வைப்பாள், பகலும் பொழுதும் கண்ணாடிக்கு வெளியே எங்கேயோ நடந்தன. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், பிச்சைமணி அங்கே இல்லை. இந்த ஊரில் அவர் பேரைக் கூப்பிட வைக்க இருந்த ஒரே ஆள் நான், நானும் அந்தக் கட்டத்திலிருந்து அதை எடுத்துவிட்டேன். அதற்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது, கொஞ்சம்தான்.

பத்தாம் நாளிலிருந்து எனக்குப் பயம் வந்தது. நாலு நாள் தூங்கவில்லை. பாண்டிச்சேரிக்குப் போனவரைப்போல இவளும் போய்விட்டால்? போனால் போகட்டும், அவளுக்கு நான் செய்ததற்கு இது சரிதான் என்று ஒரு மனசு, ஐயோ அம்மா வந்துவிடு என்று ஒரு மனசு.

பதினாலாம் நாள் மத்தியானம் வந்தாள். மூக்கு சிவந்து, கையில் ஒரு பையோடு, ஸ்வெட்டரின் எல்லாப் பட்டனையும் போட்டுக்கொண்டு, தானாக ஓடுகிற படியில் தடுமாறாமல் இறங்கி வந்தாள். "என்னம்மா பாத்த?" என்றேன். பனியைச் சொல்வாள், ஆற்றைச் சொல்வாள் என்று நினைத்தேன். "வெளிய வந்தேனா, அங்க ஒருத்தன் அட்டையில எம்பேரை எழுதித் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிட்டு நின்னாண்டி!" என்றாள்.

"உனக்குப் படிக்கத் தெரியாதே, உம்பேருதான்னு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் போனப்பறம் நானும் அவனுந்தான் நின்னோம்" என்றாள், அதைச் சொல்லும்போது அவள் முகம் இருந்ததே, அப்படி ஒரு முகத்தை நான் அவள் உயிரோடிருந்த நாளில் பார்த்ததில்லை.

கவுண்டரில் திருச்சி விமானத்துக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். "மிஸ் மருதாயி." நாங்கள் இரண்டு பேரும் எழவில்லை. "மிஸ் மருதாயி." அவள் பாஸ்போர்ட்டை என் மடியில் வைத்தாள், ஸ்வெட்டரைக் கழற்றி என் தோளில் போட்டாள். நான் அவள் கையை விடவில்லை. மூன்றாம் முறை கூப்பிட்டார்கள். அம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

"உன்னைத்தாண்டி கூப்புடுறாங்க, போ."

கடையைத் திறந்த அன்று கலியமூர்த்தி வந்தார். மேசையில் கிடந்த என் பாஸ்போர்ட்டை எடுத்துப் புரட்டி, குளிர் நாட்டுக்குள் போன முத்திரையையும் வெளியே வந்த முத்திரையையும் விரலால் தடவிப் பார்த்து, "பரவால்லியே, முழுசாச் சுத்திட்டு வந்துட்டீங்க. எப்படிக்கா இருந்துச்சு ஊரு?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும், நான் பாத்ததில்ல" என்றேன். "எங்கம்மா போயிட்டு வந்திருக்கா."